த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்

'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' அமெரிக்க ஹிப் ஹாப் குழுவான டி லா சோலின் முதல் ஸ்டுடியோ ஆல்பம். 1989இன் தொடக்கத்தில் நியூயார்க்கின் டாமி பாய் ரெக்கார்ட்ஸ் இதை வெளியிட்டது. பிறருடைய பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் புதுப்பாட்டு கட்டும் சாம்ப்ளிங் கலை தொட்ட உச்சங்களில் இது ஒன்று. அந்தக் கலையே இதற்கு வினையாகவும் முடிந்தது. உலகத்துப் பாட்டெல்லாம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த பிறகும், உரிமைச் சிக்கலால் 2023 வரை இந்த ஆல்பம் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏறவில்லை.

கெல்வின் மெர்சர், டேவிட் ஜோலிகோர், வின்சென்ட் மேசன் என்ற மூவரும் நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டின் அமிட்டிவில் என்ற ஊரில் ஒரே பள்ளியில் படித்த நண்பர்கள். மேடையில் அவர்களுக்குப் போஸ்த்னூஸ், ட்ருகாய், மேசியோ என்று பெயர். ஹிப் ஹாப் பிறந்தது பிராங்ஸின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் என்றாலும், 1980களின் பிற்பாதியில் அதன் போக்கை மாற்றியவர்களில் பலர் லாங் ஐலண்டிலிருந்து வந்தவர்கள். பப்ளிக் எனிமி, ராக்கிம், இ.பி.எம்.டி. எல்லோரும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். முன்புறம் புல்தரை வைத்த தனி வீடுகள், அந்த வீடுகளுக்குள் பெற்றோர் சேர்த்துவைத்திருந்த ஸோல், ஜாஸ், கன்ட்ரி இசைத்தட்டுகள். டி லா சோலின் மூலப்பொருள் அந்த அலமாரிகளில் இருந்தது.

அதே ஊர்க்காரரான பிரின்ஸ் பால், புரூக்ளினின் ஸ்டெட்சசானிக் குழுவில் டி.ஜே.யாக ஏற்கெனவே பெயர் எடுத்திருந்தார். மூவரும் வீட்டில் பதிவுசெய்த 'ப்ளக் ட்யூனின்' பாட்டின் மாதிரி நாடா அவர் கைக்குப் போனது. அவர் அதைச் செப்பனிட்டுக் கொடுக்க, டாமி பாய் 1988இல் தனிப்பாடலாக வெளியிட்டது. மன்ஹாட்டனின் கலியோப்பி ஸ்டுடியோவில் முழு ஆல்பமும் பதிவானபோது மூவருக்கும் ஏறத்தாழ இருபது வயது. தயாரிப்பாளரான பிரின்ஸ் பாலும் அவர்களைவிடப் பெரிய மூத்தவர் அல்லர். யார் என்ன தட்டைக் கொண்டுவந்தாலும் போட்டுப் பார்க்கலாம் என்பதே அங்கு நடைமுறை. இந்த ஆல்பத்தின் துள்ளலுக்கு அந்தச் சுதந்திரம்தான் காரணம்.

அதுவரை ராப் பாடல்களில் சாம்பிள் என்றால் பெரும்பாலும் ஜேம்ஸ் பிரவுனின் முரசடிதான். ஒரே தாளத்தைச் சுழலவிட்டு மேலே பேசுவார்கள். டி லா சோல் அந்த வேலியைத் தாண்டியது. 'ஐ நோ' என்ற காதல் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டீலி டேன் குழு 1977இல் பாடிய 'பெக்' பாட்டிலிருந்து ஒரு குரல் துண்டு. மெம்பிஸ் நகரத்து மேட் லேட்ஸ் என்ற ஸோல் குழுவின் இசை அடியில் ஓடுகிறது. இவற்றுக்கு நடுவே ஸோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் சீழ்க்கை ஒலி. 1967 டிசம்பரில் விமான விபத்தில் இறப்பதற்குச் சற்றுமுன் அவர் பதிவுசெய்த பாட்டிலிருந்து எடுத்தது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பதிவுகள், மூன்று வேகம், மூன்று சுருதி. சுருதி பிசகாமல் இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது இன்று கணினியில் எளிது. நினைவகம் சில நொடிகளுக்குமேல் தாங்காத அன்றைய கருவிகளில் அது காதை மட்டும் நம்பிச் செய்த வேலை.

'தி மேஜிக் நம்பர்' இன்னும் விரிந்த வலை. 1970களில் ஏ.பி.சி. தொலைக்காட்சி சனிக்கிழமை காலைகளில் குழந்தைகளுக்காக ஒளிபரப்பிய 'ஸ்கூல்ஹவுஸ் ராக்' படங்களுக்குப் பாப் டொரோ எழுதிய கணக்குப் பாட்டுதான் அதன் அடித்தளம். முடிவில் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் குரல் வருகிறது. ஆர்க்கன்சாவில் சிறுவனாக இருந்தபோது குடும்பத்தின் பருத்தி வயலை வெள்ளம் சூழ்ந்ததை வைத்து கேஷ் எழுதிய பாட்டு அது. ஆல்பத்தின் பெயரும் அந்தப் பாட்டின் ஒரு வரியிலிருந்தே வந்தது. 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' ஃபங்க் குழுவான ஃபங்கடெலிக்கின் இசைமேல் ஓடுகிறது. போதைப்பொருளால் சிதையும் குடும்பங்களைப் பற்றிய 'சே நோ கோ' பாப் இரட்டையரான ஹால் அண்ட் ஓட்ஸின் வெற்றிப் பாட்டின்மேல் நிற்கிறது. வெள்ளையர் பாப், கறுப்பர் ஃபங்க், கன்ட்ரி என்று கடைகள் பிரித்து அடுக்கிய இசையை இந்த இளைஞர்கள் பிரித்துப் பார்க்கவே இல்லை. இதைத் திருட்டு என்று சொன்னவர்கள் ஆல்பத்தைப் பொறுமையாகக் கேட்காதவர்கள்.

வினை வந்தது, ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு துணுக்கிலிருந்து. 'டிரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்' என்ற அந்தத் துணுக்கில், பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுக்கும் தட்டு ஒன்றின் குரலுக்கு அடியில், டர்ட்டில்ஸ் குழுவின் 'யூ ஷோட் மி' பாட்டின் சில நொடி இசை வேகம் குறைக்கப்பட்டு ஓடுகிறது. அதற்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. டர்ட்டில்ஸ் பாடகர்கள் ஹோவர்டு கேலனும் மார்க் வோல்மனும் வழக்குப் போட்டார்கள். பத்திரிகைகள் 17 லட்சம் டாலர் என்று எழுதின. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே பேசித் தீர்க்கப்பட்டதால் சட்ட முன்னுதாரணம் எதுவும் உருவாகவில்லை. ஆனால் இசை நிறுவனங்களுக்குக் கிலி பிடித்தது. 1991 டிசம்பரில், அனுமதியில்லாத ஒரு சாம்பிளுக்காக ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராகப் பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவன் தொடர்ந்த வழக்கில் நியூயார்க் நீதிபதி, பத்துக் கட்டளைகளில் களவை விலக்கும் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அதன்பின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் என்றானது. ஒரு பாட்டில் ஐந்தாறு சாம்பிள் வைப்பது பணக்காரர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் காரியமாயிற்று. இப்படி ஓர் ஆல்பத்தைப் பிறகு வந்த இளைஞர்கள் செய்ய முடியாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல, சட்டம்தான் காரணம்.

பாட்டுகளுக்கு இடையே ஒரு போலி வினாடி வினா நிகழ்ச்சி வந்துபோகிறது. கோதுமை பிஸ்கெட் ஒன்றில் எத்தனை நார் என்பது போன்ற கேள்விகளை நடத்துநர் கேட்க, போட்டியாளர்கள் திணறுகிறார்கள். ஹிப் ஹாப் ஆல்பங்களில் இத்தகைய இடைக்காட்சிகள் வைக்கும் வழக்கம் இங்கிருந்துதான் பரவியது.

அட்டையை வடிவமைத்தது கிரே ஆர்கனைசேஷன் என்ற பிரிட்டிஷ் ஓவியர் குழு. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பின்னணி, கறுப்பு வெள்ளையில் மூவரின் முகங்கள், சுற்றிலும் கையால் வரைந்த டெய்சிப் பூக்கள். தங்கச் சங்கிலியும் முறைத்த பார்வையும் ராப் அட்டைகளின் இலக்கணமாக இருந்த நேரம் அது. 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' காணொளியிலும் இந்த மோதலே கதை: வகுப்பறையில் சங்கிலி போட்ட மாணவர்கள் இந்த மூவரையும் கேலி செய்கிறார்கள். பூக்களைப் பார்த்து ஊடகங்கள் ஹிப்பிகள் என்று முத்திரை குத்தியதில் குழுவுக்கு ஆத்திரம். 1991இல் வந்த இரண்டாம் ஆல்பத்துக்கு 'டி லா சோல் இஸ் டெட்' என்று பெயரிட்டு, அட்டையில் உடைந்த பூந்தொட்டியைப் போட்டார்கள்.

ஆல்பம் பில்போர்டின் பொதுப் பட்டியலில் 24ஆம் இடத்தையும் ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடத்தையும் எட்டியது. வில்லேஜ் வாய்ஸ் இதழ் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பு இதையே 1989இன் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தது. ஜங்கிள் பிரதர்ஸ், எ டிரைப் கால்டு குவெஸ்ட் ஆகிய குழுக்களோடு சேர்ந்து நேட்டிவ் டங்ஸ் என அறியப்பட்ட கூட்டணியின் முகமாகவும் இது ஆனது. 'பட்டி' பாட்டில் அந்தக் கூட்டாளிகளின் குரல்களைக் கேட்கலாம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2010ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

பழைய சாம்பிள் ஒப்பந்தங்களில் தட்டு, கேசட், குறுவட்டு பற்றி மட்டுமே பேச்சு இருந்ததால் இணைய வெளியீடு தள்ளிக்கொண்டே போனது. 2021இல் ரிசர்வோயர் நிறுவனம் டாமி பாயை வாங்கிய பிறகே வழி பிறந்தது. ட்ருகாய் 2023 பிப்ரவரி 12 அன்று காலமானார். மார்ச் 3 அன்று ஆல்பம் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு வந்தது; இசைத்தட்டாகவும் மறுபதிப்பு கண்டிருக்கிறது.