ஜெர்மன் கலைப்பாடல்களில் உருவகம்

ஜெர்மன் மொழியில் 'லீட்' எனப்படும் கலைப்பாடல், கவிதையும் பியானோ இசையும் ஒன்றையொன்று தழுவி 19-ஆம் நூற்றாண்டில் செழித்ததொரு வடிவம்; கவிஞன் சொல்லாது விட்ட உபமேயத்தை இசையமைப்பாளன் ஸ்வரங்களால் உணர்த்திவிடுவது இதன் தனிச்சிறப்பு. வில்ஹெல்ம் முல்லர் (1794–1827) எழுதிய கவிதைகளுக்கு ஃபிரான்ஸ் ஷூபர்ட் 1827-இல் இசையமைத்த 'விண்டர்ரைசெ' (குளிர்காலப் பயணம்) என்னும் 24 பாடல்களின் தொகுதியை இதற்குச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம்.

காதலில் தோற்ற ஒருவன் பனியில் நடந்துகொண்டே போகிறான் என்பதற்குமேல் இதில் கதை ஏதுமில்லை. அவன் கண்ணிற்படும் பொருள்களெல்லாம் அவன் மனத்தின் சாயலை ஏற்றுவிடுகின்றன. காதலியின் வீட்டுக் கூரைமேல் சுழலும் காற்றுத் திசைகாட்டி அவ்வீட்டாரின் நிலையற்ற நெஞ்சமாகவும், மேலே உறைந்து அடியில் பொங்கும் ஆறு அவன் இதயமாகவும், மயானம் இடமில்லையென்று திருப்பியனுப்பும் சத்திரமாகவும் உருக்கொள்கின்றன. மரத்தில் எஞ்சிய ஓர் இலையில் தன் நம்பிக்கை முழுவதையும் தொங்கவிட்டு, அது விழுந்துவிடுமோ என்று அவன் நடுங்கும் பாட்டில், பியானோவின் ஸ்வரங்கள் தாளக்கட்டுக்குப் பிடிகொடாமல் தனித்தனியே உதிர்வதால், இலையையும் நம்பிக்கையையும் கேட்பவன் வேறு பிரித்தறிய இயலுவதில்லை. இக்குளிர்காலமே 1819-க்குப் பின் ஜெர்மானிய நாடுகளில் இறுகிய அரசியல் அடக்குமுறையைக் குறிக்கும் என்பாரும் உளர். அது வலிந்து கொண்ட பொருளென முற்றும் தள்ளத்தக்கதன்று.

ஐந்தாம் பாடலான 'லிண்டன் மரம்' விரிவாக நோக்கத்தக்கது. கவிஞர் வால்ட்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைடெ வாழ்ந்த இடைக்காலம் தொட்டே காதலர் கூடும் இடமாகப் பாடப்பெற்ற அம்மரம், இங்கே நள்ளிரவில் கண்ணை மூடிக்கொண்டு தன்னைக் கடந்து செல்பவனை இளைப்பாற அழைக்கிறது. அவ்வோய்வு மரணமே என்று முல்லர் எங்கும் கூறவில்லை. ஆயினும், இலைச் சலசலப்பாகத் தொடங்கும் பியானோ இடையே சோகச் சாயலுக்குத் திரும்பி, பின்னர் அவன் தொப்பியைப் பறிக்கும் புயலாக மூளும்போது அவ்வுள்ளுறை வெளிப்பட்டுவிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஃபிரீட்ரிஷ் சில்ஹர், இவ்விருளையும் புயலையும் நீக்கி, முதலடிகளின் இனிய மெட்டையே முழுமைக்கும் பொருத்திச் சேர்ந்திசையாக அமைத்தார். சொற்கள் மாறாதிருந்தும் பாடல், ஊர் நினைந்து ஏங்கும் நாட்டுப்பாட்டாகிப் பள்ளிச் சிறுவரும் பாடும் நிலையை அடைந்தது. இழந்த அவ்வுட்பொருளைத் தாமஸ் மன் மறக்கவில்லை: 1924-இல் வெளிவந்த 'மாயமலை' நாவலின் இறுதியில், முதல் உலகப்போரின் குண்டுமழையினூடே ஓடும் கதாநாயகனின் வாய் இப்பாடலையே முணுமுணுக்கிறது.