கோடைற்றும் உலர்த்தறையும்

முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்கு நேர்ந்த அசற்றோன் தட்டுப்பாட்டை எழுதுவோர், 1915 இல் கெயிம் வைஸ்மன் நொதித்தல் முறையால் அதனைப் பெருமளவில் ஆக்க முற்பட்டமையை விதந்து கூறுவர். பிற்காலத்தில் அவர் இஸ்ரேலின் முதற் சனாதிபதியானமை அக்கதைக்கு மெருகூட்டியிருக்கலாம். ஆயின், ஆக்கிய அசற்றோனை மீண்டும் வெளியேற்றியமையே பாதி வரலாறு என்பது எமது கருத்து.

1889 இல் ஏபெல், டிவார் ஆகியோர் காப்புரிமைக்கு உட்படுத்திய கோடைற்று என்னும் வெடிமருந்து 58 வீதம் நைத்திரோகிளிசரீன், 37 வீதம் வெடிபஞ்சு, 5 வீதம் வசலீன் கொண்டது. வெடிபஞ்சு செலுலோசிலிருந்து பெறப்படும் பல்பகுதியம். அதனைக் கூழாக்கி, துளைவழியே நாணாகப் பிழிவதற்கே அசற்றோன் வேண்டியிருந்தது. பின்னர் அது எஞ்சிநின்றால் எரியும் வேகம் மாறுபடும். களஞ்சியத்தில் அது மெல்ல ஆவியாக, பீரங்கியின் குறியும் பிழைக்கும்.

ஆதலின் நாண்களை இளஞ்சூடான உலர்த்தறைகளில் வைத்தனர். இடர்ப்பாடு ஈண்டே எழுந்தது. மேற்பரப்பு விரைவில் உலரும். உள்ளிருக்கும் கரைப்பானோ இறுகிய திணிவினூடே ஊர்ந்தே வெளிவரவேண்டும். வெப்பத்தைக் கூட்டினால் நைத்திரோகிளிசரீனும் ஆவியாகும். பண்டத்தின் உறுதியும் குலையும். மெல்லிய நாணுக்குச் சில நாள்கள் போதும். தடித்ததற்கு வாரங்கள் சென்றன. போர்க்காலத்தில் வாரங்கள் சிறியனவல்ல.

வெளிப்பட்ட ஆவியைச் சோடியம் இருசல்பைற்றுக் கரைசலில் உறிஞ்சுவித்து, காய்ச்சி வடித்து மீட்கும் முறை போருக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. கிரெற்னாத் தொழிற்சாலையிலோ அசற்றோனை விடுத்து ஈதரும் அற்ககோலும் கலந்த கரைப்பானைக் கையாண்டனர். அதற்கேற்ப நைத்திரசன் குறைந்த நைத்திரோசெலுலோசு வேண்டியதாயிற்று. உலர்த்தறைகள் அங்கும் நீங்கவில்லை.