நவம்பர் 4: ஒரே தேதி, ரெண்டு கதை

ரஷ்யாவில் நவம்பர் 4 அரசு விடுமுறை. 'தேசிய ஒற்றுமை நாள்'னு பேர். புரட்சி தினமான நவம்பர் 7-க்குக் காலங்காலமா விட்டுக்கிட்டு இருந்த லீவைத் தூக்கிட்டு, 2005-ல இருந்து இதைக் கொண்டாடறாங்க. எதுக்குன்னு பார்த்தா, 1612-ல மாஸ்கோவில் இருந்து போலந்துக்காரங்களை விரட்டினதுக்காம்!

முதல்ல படிச்சப்போ எனக்குத் தலைகீழா இருந்தது. நான் படிச்ச சரித்திரத்துல போலந்துன்னா எப்பவும் அடி வாங்கற நாடு. 1939-ல ஹிட்லர் ஒரு பக்கம், ஸ்டாலின் இன்னொரு பக்கம்னு பங்கு போட்டுக்கிட்டாங்க. அந்தப் போலந்து போய் கிரெம்ளினைப் பிடிச்சு வச்சிருந்ததா? ஆமாங்க, முழுசா ரெண்டு வருஷம்.

கதை இதுதான். 1598-ல ரஷ்யாவோட பழைய ராஜவம்சம் வாரிசு இல்லாம முடிஞ்சு போச்சு. பஞ்சம், கலகம், 'செத்துப்போன இளவரசர் டிமிட்ரி நான்தான்'னு கிளம்பின போலி ஆசாமிகள்னு ஒரே களேபரம். அந்தப் போலிகள்ல முதல் ஆள், போலந்துப் பிரபுக்கள் கொடுத்த படையோட வந்து 1605-ல நிஜமாவே ஜாரா உட்கார்ந்துட்டார். அடுத்த வருஷமே அவரைக் கொன்னுட்டாங்க.

அப்புறம் போலந்து மன்னர் சிகிஸ்முண்ட் நேரடியாவே களத்துல இறங்கினார். 1610 ஜூலையில க்ளூஷினோங்கற இடத்துல, தளபதி ஜோல்கீவ்ஸ்கி தன்னோட படையை விடப் பல மடங்கு பெரிய ரஷ்ய - ஸ்வீடன் கூட்டுப்படையை ஓட விட்டார். ஜார் வாசிலி ஷூய்ஸ்கியோட பதவி போச்சு. அடுத்த வருஷம் அவரைக் கைதியா வார்சாவுக்குக் கொண்டு போனாங்க. மனுஷன் திரும்பி வரவே இல்லை, சிறையிலேயே செத்தார்.

இதுல வேடிக்கை என்னன்னா, மாஸ்கோ பிரபுக்களே போலந்து இளவரசர் விளாடிஸ்லாவை ஜாரா ஏத்துக்கறோம்னு ஒப்பந்தம் போட்டாங்க. பையனுக்கு அப்போ 15 வயசு. அவன் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் மதத்துக்கு மாறணும்னு இவங்க கேட்டாங்க. அப்பா சிகிஸ்முண்டுக்கோ அந்தச் சிம்மாசனத்துல தானே உட்காரணும்னு ஆசை. பேராசை பெரு நஷ்டம்னு சும்மாவா சொன்னாங்க? அல்வா மாதிரி கைக்கு வந்ததைக் கோட்டை விட்டார்.

இதுக்குள்ள போலந்துப் படை கிரெம்ளினுக்குள்ள வந்து உட்கார்ந்தாச்சு. 1611 மார்ச்சுல ஊர் மக்கள் எதிர்த்து எழுந்தப்போ மாஸ்கோவையே கொளுத்திட்டாங்க. நிஷ்னி நோவ்கோரத்துல இருந்து குஸ்மா மினின்னு ஒரு இறைச்சி வியாபாரி காசு வசூல் பண்ணி, இளவரசர் பொஷார்ஸ்கி தலைமையில ஒரு படையைத் திரட்டினார். அவங்க வந்து முற்றுகை போட்டதும் உள்ளே மாட்டினவங்களுக்குச் சோறு தண்ணி இல்லை. கடைசியில மனுஷ மாமிசம் தின்னும் நிலைமைக்குப் போயிட்டாங்க. 1612 இலையுதிர்காலத்துல சரணடைஞ்சாங்க. 1613-ல மிகயில் ரொமானோவ் ஜார் ஆனார். 1917 வரைக்கும் ஆண்ட ரொமானோவ் வம்சம் இப்படித்தான் ஆரம்பிச்சது.

தேதியோட மல்லுக்கட்டறதே பொழப்பாப் போன எனக்கு இந்த நவம்பர் 4-ல ஒரு 'பக்' சிக்கிச்சு. மாஸ்கோவோட உள்நகரான கித்தாய் கோரத்தை மினின் படை பிடிச்சது பழைய ஜூலியன் காலண்டர்ல அக்டோபர் 22. 17-ஆம் நூற்றாண்டுல ரெண்டு காலண்டருக்கும் வித்தியாசம் 10 நாள். அப்போ அது நவம்பர் 1 தானே வரணும்? அதே அக்டோபர் 22-ல வர்ற கசான் மாதா திருநாளை, இன்னிக்கு இருக்கற 13 நாள் வித்தியாசத்தைக் கூட்டி நவம்பர் 4-ல கொண்டாடறாங்க. லீவும் அதுலயே விழுந்துடுச்சு!

சரி, மூணு நாள் முன்னே பின்னே போனா என்னன்னு கேக்கறீங்களா? அப்படி நகர்ந்து வந்து விழுந்த இடம்தான் விவகாரம்.

1794 நவம்பர் 4. இது சரியான நவம்பர் 4. அதுக்குள்ள சக்கரம் சுத்திடுச்சு. 1772-லயும் 1793-லயும் ரஷ்யாவும் பக்கத்து ராஜ்ஜியங்களும் போலந்தைக் கேக் மாதிரி வெட்டித் தின்னுட்டாங்க. அமெரிக்க விடுதலைப் போர்ல சண்டை போட்ட கொஷ்சியூஷ்கோ ஊர் திரும்பி, அரிவாள் ஏந்தின விவசாயிகளையும் சேர்த்துக்கிட்டு எதிர்த்து நின்னார். ஏப்ரல்ல வார்சா மக்கள் எழுந்து அங்கிருந்த ரஷ்யப் படையில ரெண்டாயிரம் பேருக்கு மேல கொன்னாங்க. அக்டோபர்ல கொஷ்சியூஷ்கோ பிடிபட்டார். நவம்பர் 4-ந் தேதி ரஷ்யத் தளபதி சுவோரவ், விஸ்துலா ஆத்துக்குக் கிழக்கே இருக்கற வார்சாவின் பிராகா பகுதியைத் தாக்கினார். உள்ளே புகுந்த சிப்பாய்கள் பொம்பளை, குழந்தைன்னு பார்க்காம ஆயிரக்கணக்கானவங்களை வெட்டிப் போட்டாங்க. சுவோரவுக்கு ஃபீல்ட் மார்ஷல் பதவி கிடைச்சது. அடுத்த வருஷம் போலந்துங்கற நாடே வரைபடத்துல இல்லை. மறுபடி வர 123 வருஷம் ஆச்சு.

ஆக, மாஸ்கோவில் வாணவேடிக்கை நடக்கற அதே தேதிதான் வார்சாவில் பிராகா படுகொலை நடந்த தேதி. ஒருத்தரோட தீபாவளி இன்னொருத்தரோட திவசம்.

நடுவுல 1830, 1863-னு ரெண்டு பெரிய எழுச்சி. ரெண்டையும் நசுக்கினாங்க. ஆயிரக்கணக்கானவங்க சைபீரியாவுக்குப் போனாங்க.

1920 மட்டும் விசேஷம். செஞ்சேனை வார்சா வாசல் வரைக்கும் வந்துடுச்சு. இங்கேதான் நம்ம துறை ஆட்கள் ஆஜர். கோவலெவ்ஸ்கிங்கற போலந்து லெப்டினென்ட், முந்தின வருஷமே ஒரு சக அதிகாரிக்குப் பதிலா டியூட்டி பார்த்தப்போ ரஷ்யர்களோட ரகசியச் செய்தி ஒண்ணை உடைச்சுட்டார். அப்புறம் கணிதப் பேராசிரியர்களையும் கூடச் சேர்த்துக்கிட்டாங்க. அதுல ஒருத்தர் சியர்பின்ஸ்கி. காலேஜ் லேப்ல 'ரிகர்ஷன்' வச்சு முக்கோணத்துக்குள்ள முக்கோணமா வரைஞ்சோமே, அதே சியர்பின்ஸ்கி! எதிரிப் படையில எங்கே ஓட்டை இருக்குன்னு அவங்க சொல்ல, ஆகஸ்ட் 16-ல பில்சுட்ஸ்கி தெற்கேயிருந்து சரியா அந்த இடத்துல அடிச்சார். செஞ்சேனை சிதறிடுச்சு.

எனக்கு மனசுல நின்னது வேற ஒண்ணு. 1914-ல உலகப்போர் வெடிச்சப்போ சியர்பின்ஸ்கி ரஷ்யாவில் இருந்தார். அவரை வியாத்காவில் அடைச்சு வச்சாங்க. அங்கிருந்து மாஸ்கோவுக்கு வர வழி பண்ணினது எகோரோவ், லூசின்ங்கற ரெண்டு ரஷ்யக் கணித மேதைகள். அந்த முக்கோணத்தைப் பத்தி அவர் எழுதினது அந்த ரஷ்ய வாசத்தப்போதான், 1915-ல. நாலே வருஷத்துல, அந்த நாட்டு ராணுவத்தோட சங்கேதத்தையே உடைக்க உட்கார்ந்துட்டார்.

தோத்த கோபம் மறையலை. 1939 செப்டம்பர் 17-ல சோவியத் படை கிழக்கேயிருந்து உள்ளே வந்தது. 1940-ல கத்தின் காட்டிலும் வேற இடங்களிலும் சுமார் 22,000 போலந்து அதிகாரிகளையும் படிச்சவங்களையும் சுட்டுப் புதைச்சாங்க. 'ஜெர்மன்காரன்தான் பண்ணினான்'னு அம்பது வருஷம் சாதிச்சு, 1990-லதான் ஒத்துக்கிட்டாங்க. அந்த நினைவு நிகழ்ச்சிக்குப் போன போலந்து ஜனாதிபதியோட விமானம் 2010 ஏப்ரல் 10-ல ஸ்மோலென்ஸ்க்ல விழுந்து 96 பேர் செத்தது தனிச் சோகம்.

ரெண்டு பேரும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. கிரெம்ளின்ல ரெண்டு வருஷமும், ஒரு நாடே காணாமப் போன 123 வருஷமும் சமம் ஆகாது. ஆனா மாஸ்கோவைக் கொளுத்தினதும் பொய் இல்லையே? லூப்பை 1612-ல ஆரம்பிச்சா ஒரு விடை, 1794-ல ஆரம்பிச்சா வேற விடை. எந்த வருஷத்துல ஆரம்பிக்கறதுன்னு முடிவு பண்றவன்தான் யார் வில்லன்னும் முடிவு பண்றான். இனிமே எந்தச் சண்டையைப் பத்திப் படிச்சாலும், இவர் எங்கேயிருந்து ஆரம்பிக்கறார்னுதான் முதல்ல பார்க்கப் போறேன்.