கிளிக்கூட்டிலிருந்து லவ் பேர்ட்ஸ் கூண்டு வரை - ஒரு வரலாறு

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் அம்மன் சன்னதிக்கு அருகில் ஒரு மண்டபம் இருக்கிறது. பெயர் கிளிக்கூட்டு மண்டபம். சங்கிலி மண்டபம் என்றும் சொல்வார்கள். முத்துவீரப்ப நாயக்கர் காலத்தில், 1623ல் கட்டி முடிக்கப்பட்டது. ஒரு காலத்தில் இங்கே கூண்டுகளில் கிளிகள் வளர்க்கப்பட்டன. "மீனாட்சி" என்று பெயர் சொல்லப் பழக்கப்பட்ட கிளிகள் அவை. பிற்காலத்தில் கூண்டுகளை எடுத்துவிட்டார்கள். கிளிகள் போய்விட்டன, பெயர் மட்டும் நின்றுவிட்டது!

தமிழில் ஒரு விந்தை உண்டு. பறவை தன் குஞ்சுகளுக்காகக் கட்டுவதும் கூடுதான். மனிதன் பறவையை அடைக்கச் செய்வதும் கூடுதான். ஆனால் இரண்டின் அளவையும் தீர்மானிப்பவர் வேறு வேறு. முதலாவதைப் பறவை தீர்மானிக்கிறது. இரண்டாவதை மனிதனின் தேவையும் அவனிடம் உள்ள இடமும் தீர்மானிக்கின்றன. கூண்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

மனிதனுக்காகச் செய்த கூண்டுகள்

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரண்மனையில் கிளி, மைனா முதலிய பறவைகளை வைத்திருக்கச் சொல்கிறது. காரணம் அழகு அல்ல. பாம்பின் விஷம் இருந்தால் இவை கத்தி எச்சரிக்கும் என்ற நம்பிக்கை. அங்கே கூண்டுக் கிளி ஒரு காவலாளி. மதுரை மண்டபத்தில் அது நாமம் சொல்லும் அடியார். இரண்டு இடத்திலும் கிளியின் குரல் மனிதனுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அது பறக்க இடம் வேண்டும் என்ற கணக்கு இல்லை.

இதைவிடச் சின்னது கிளி ஜோசியரின் கூண்டு. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவத்துக்குப் பெரும் கூட்டம் கூடும். இப்படிக் கூட்டம் சேரும் திருவிழாக்களையும் சந்தைகளையும் நம்பித்தான் கிளி ஜோசியம் வாழ்ந்தது. ஊர் ஊராகக் கையில் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதால் கூண்டு ஒரு சின்ன மரப்பெட்டி அளவுக்குச் சுருங்கியது. பச்சைக்கிளியின் நீளம் வாலோடு சேர்த்து சுமார் 40 செ.மீ. அந்தப் பெட்டிக்குள் அது சிறகை முழுதாக விரிக்கக்கூட முடியாது. சீட்டு எடுக்க வெளியே வரும் சில நொடிகள்தான் அதன் சுதந்திரம். அப்போதும் பறந்துவிடாதபடி இறகை வெட்டியிருப்பார்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972ல் வந்தது. 1991ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நம் நாட்டுக் காட்டுப் பறவைகளை வாங்குவதும் விற்பதும் குற்றமாகின. 2022ல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2024 ஏப்ரலில் கடலூர் தொகுதியில் தேர்தல் பிரச்சாரத்தின்போது ஒரு வேட்பாளர் கிளி ஜோசியம் பார்த்த செய்தி பரவியது. உடனே வனத்துறையினர் வந்து கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். பரம்பரையாகச் செய்த தொழில் போனதே என்று ஒரு பக்கம் வருத்தம். பெட்டிக்குள் கிடந்த கிளிக்கு விடுதலை கிடைத்ததே என்று மறுபக்கம் மகிழ்ச்சி. இரண்டுமே நியாயமானவை.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பறவை

உள்நாட்டுக் கிளிக்குத் தடை வந்ததும் வெளிநாட்டுப் பறவைகளுக்கு மவுசு கூடியது. நம் ஊரில் "லவ் பேர்ட்ஸ்" என்று விற்கப்படும் சின்னப் பறவை பெரும்பாலும் பட்ஜெரிகர்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். பட்ஜெரிகரின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட சமவெளி. தண்ணீர் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டமாக வெகுதூரம் பறக்கும் பறவை அது. 1840ல் ஜான் கோல்ட் என்ற பறவையியல் அறிஞர் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 1894ல் ஆஸ்திரேலியா ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆனால் அதற்குள் ஐரோப்பாவில் கூண்டிலேயே பெருகத் தொடங்கிவிட்டது.

இந்தப் பறவைதான் கூண்டின் கதையை மாற்றியது. அதுவரை ஒரு வீட்டில் ஒரு கிளி, ஒரு கூண்டு என்றிருந்தது. பட்ஜெரிகர் 18 செ.மீ. நீளம்தான், விலையும் குறைவு, சீக்கிரம் குஞ்சு பொரிக்கும். எனவே, இருக்கும் கொஞ்ச இடத்தில் எத்தனை பறவைகளை வைக்கலாம் என்ற கேள்வி முதன்முதலாகச் சாதாரண வீடுகளுக்குள் வந்தது.

1930 கொடுத்த பாடம்

அந்தக் கேள்விக்குத் தவறான விடை சொன்னால் என்ன ஆகும் என்பதை 1929-30ல் உலகம் பார்த்தது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் நெருக்கி அடைத்து அனுப்பப்பட்ட கிளிகளால் பல நாடுகளில் "கிளிக் காய்ச்சல்" பரவியது. நிமோனியா போன்ற இந்த நோயில் பலர் இறந்தார்கள். 1930 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஹூவர் கிளி இறக்குமதியைத் தடை செய்தார்.

தடையோடு பிரச்சினை முடியவில்லை. பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. கலிபோர்னியாவில் பலர் வருமானத்துக்காக வீட்டுக் கொல்லையில் பட்ஜெரிகர் வளர்த்து விற்றார்கள். வெளியிலிருந்து வந்த கிளிகளிடம் மட்டும்தான் நோய் என்று எல்லோரும் நினைத்திருக்க, இந்தக் கொல்லைக் கூண்டுகளிலும் அது இருப்பதைக் கார்ல் மேயர் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெக்ஃபர்லேன் பர்னெட் 1930களில் ஆஸ்திரேலியாவின் காட்டுக் கிளிகளைச் சோதித்தார். காட்டுக் கிளிகளிடமே கிருமி இருந்தது! ஆனால் அங்கே அது பெரும்பாலும் அடங்கியே கிடந்தது. பிடித்து நெருக்கமாக அடைத்ததும்தான் சீறி எழுந்தது. காய்ந்த எச்சத்தின் தூசு வழியே பக்கத்துப் பறவைக்கும், கூண்டைச் சுத்தம் செய்யும் மனிதனுக்கும் பரவியது.

அதாவது, இட நெருக்கடி பறவையின் பிரச்சினை மட்டுமல்ல, வீட்டில் இருக்கும் மனிதர்களின் பிரச்சினையும்தான். புதிதாக வாங்கிய பறவையைச் சில வாரங்கள் தனி அறையில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கும் வழக்கத்துக்கு இத்தகைய அனுபவங்களே அடிப்படை.

சட்டம் சொல்வது

இந்தியாவில் 1960ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11வது பிரிவு, உள்ளே இருக்கும் உயிர் நியாயமான அளவு நடமாட முடியாத கூண்டில் அதை அடைப்பதைக் குற்றம் என்கிறது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அது குறிப்பிடுகிறது. ஆனால் இத்தனை அடி என்று எண் சொல்லவில்லை. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்! 2018ல் செல்லப்பிராணிக் கடைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. வீட்டுக்குள் இருக்கும் கூண்டோ இன்றும் பெரும்பாலும் வளர்ப்பவரின் மனசாட்சியைப் பொறுத்தது.

சின்ன வீட்டுக்கு எது பொருந்தும்?

இந்த வரலாற்றிலிருந்து சில முடிவுகள் தெளிவாகக் கிடைக்கின்றன.

பறவை பக்கவாட்டில் பறக்கிறது, லிஃப்ட் போல மேலே ஏறுவதில்லை. எனவே உயரமான கோபுரக் கூண்டை விட நீளமான கூண்டே நல்லது. கோபுரக் கூண்டில் எல்லாப் பறவைகளும் மேல் குச்சிக்கே போட்டி போடும், கீழ்ப்பாதி வீணாகும். வட்டக் கூண்டு பார்க்க அழகு, பறக்க உதவாது.

ஒரே சுவர்தான் இருக்கிறது என்றால் மூன்று சின்னக் கூண்டுகளை அடுக்குவதை விட ஒரே நீளக் கூண்டு மேல். அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொன்றின் அடியிலும் தட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் தீனியில் விழும். குச்சிகளை இரண்டு ஓரங்களில் கட்டி நடுவை காலியாக விட்டால்தான் பறக்க வழி இருக்கும். தீனிக் கிண்ணம் இரண்டு இடங்களில் இருந்தால் சண்டை குறையும். ஆப்பிரிக்க லவ் பேர்டை பட்ஜெரிகரோடு சேர்த்து அடைக்கக் கூடாது, அது சின்னப் பறவையின் கால் விரலைக் கடித்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது எண்ணிக்கை. கூண்டை வாங்கிவிட்டு எத்தனை பறவை கொள்ளும் என்று பார்ப்பது பழைய வழக்கம். எத்தனை பறவை பறக்க இடம் கொடுக்க முடியும் என்று பார்த்துவிட்டு அதற்கு மேல் வாங்காமல் இருப்பதுதான் 1930 சொல்லித் தந்த வழக்கம்.

பச்சைக்கிளி காட்டில் மரப்பொந்திலும் பழைய மதில்களின் ஓட்டையிலும் முட்டையிடும். செஞ்சிக் கோட்டை போன்ற பழைய சுவர்கள் அதற்குப் போதும். அந்தப் பொந்து ஜோசியரின் பெட்டியை விடச் சின்னதுதான். ஆனால் அதற்குக் கதவு கிடையாது.