அரசியர் ஓவியமும் அடையாள அட்டையும்

அரசியின் உருவத்தைத் தீட்டிக் காட்டுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நெடுநல்வாடையில் நக்கீரர் பாண்டிமாதேவியை அறிமுகம் செய்யும் இடம் மாணவர் அறிந்ததே. முத்தாரம் நீங்கிய மார்பும், பொன்வளை கழற்றிச் சங்குவளை அணிந்த கையும், மாசேறிய நூலாடையுமாக அவளைக் காட்டி, வண்ணம் தீட்டப்பெறாத ஓவியத்துக்கு ஒப்பிடுகிறார் புலவர். அணிகலன் குலத்தின் உயர்வைச் சொல்லும்; அதைக் களைந்த நிலையோ உள்ளத்தின் துயரைச் சொல்லும். இவ்வுண்மையை அளவுகோலாகக் கொண்டு இரவிவர்மாவின் ஓவியங்களை நோக்குவோம்.

1848இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, எண்ணெய் வண்ண முறையில் அரசகுலப் பெண்டிர் பலரின் உருவங்களைத் தீட்டினார். இத்தகைய படங்களில் தூணும் திரைச்சீலையும் வேலைப்பாடமைந்த இருக்கையும் ஐரோப்பிய மரபின் வழி வந்தவை. பட்டின் சரிகையும் முத்தின் ஒளியும் நம் மரபுக்குரியவை. இவை யாவும் இவர் எக்குலத்தவர் என்பதை உரைக்கும். இவர் எத்தகையவர் என்பதை முகமும் பார்வையுமே உரைத்தல் வேண்டும்.

அவர் தீட்டியவர்களுள் ஒருவர் திருவிதாங்கூர் அரசி பரணித் திருநாள் இலட்சுமிபாய். ஓவியரின் மனைவிக்குத் தமக்கை. 1875இல் மன்னர் ஆயில்யம் திருநாள், அரசியின் கணவர் கேரளவர்மாவைச் சிறைப்படுத்தினார். கணவரைக் கைவிடுமாறு வற்புறுத்தப்பட்டும் அரசி இசையவில்லை. 1880இல் மன்னர் மறைந்த பின்னரே கணவர் விடுதலை பெற்றார். மறு ஆண்டு விக்டோரியா பேரரசி இலட்சுமிபாய்க்கு இந்திய மகுட விருது வழங்கிச் சிறப்பித்தார். விருதின் பெருமையைத் தூரிகை எளிதில் தீட்டிவிடும். ஐந்தாண்டு உறுதியை எந்த நிறத்தால் தீட்டுவது? வரலாறு அறிந்தவர்க்கு அது கற்பின் திண்மை விளங்கும் முகம். அறியாதவர்க்கு நகையணிந்த ஒரு சீமாட்டியின் முகம். படம் பாதியே சொல்லும். மீதியை வரலாறு சொல்ல வேண்டும்.

1894இல் மும்பையில் இரவிவர்மா நிறுவிய அச்சகம், அரசியரைப் போல் பட்டும் நகையும் பூண்ட இலக்குமியையும் கலைமகளையும் எளியோர் இல்லங்களுக்கு அனுப்பியது. அம்மரபில் வந்த நாட்காட்டிப் படங்கள் மலாயாத் தோட்டத்து லயங்களின் சுவர்களையும் அணிசெய்தன. அப்படத்தின் முன் விளக்கேற்றிய பெண்ணை மட்டும் எந்த ஓவியரும் தீட்டவில்லை. 1948இல் அவசரகாலப் பதிவின்போது அடையாள அட்டைக்கென எடுக்கப்பட்ட சிறு நிழற்படமே, அவர்களுள் பலருக்கு வாழ்வின் முதற்படமாக இருந்திருக்கும். அதில் தூணில்லை, திரையில்லை, பக்கத்தில் பெருவிரல் ரேகை ஒன்றே உண்டு.

புனையா ஓவியம் என்னும் உவமை அவர்களுக்கும் பொருந்தும் அன்றோ? லோபாக் வட்டாரத்தில் பால்மரம் சீவிய பாட்டியரின் பழைய அட்டை உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின், மாணவர்காள், அதை எடுத்துப் பாருங்கள். அம்முகத்துக்குரிய வரலாற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். அரசிக்கு வேண்டியிருந்த மீதிப் பாதி, அவர்களுக்கும் வேண்டும்.