அம்மாவின் முட்டியும் பூஜப்புரை ஆடுகளும்

போன வருஷம் மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை ராத்திரி. இங்கே டொராண்டோவில் பத்து மணி, ஊரில் ஞாயிறு காலை ஏழரை. நாகர்கோவிலில் இருந்து தம்பி போன். மழை, மாமா பையன் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வந்தான்.

"அண்ணே, அம்மாவுக்கு ஆபரேஷன் வேண்டாம். இடுப்பெலும்புல இருந்து மஜ்ஜை எடுத்து, அதுல உள்ள ஸ்டெம் செல்லை முட்டியில ஊசி போட்டா தேஞ்சதெல்லாம் திரும்ப வளருமாம். திருவனந்தபுரத்துல ஒரு கிளினிக்ல சொன்னாங்க. ரெண்டு முட்டிக்கும் மூணு லட்சம். சித்திரா ஆஸ்பத்திரி இருக்க ஊருண்ணே, தெரியாமலா சொல்லுவாங்க?"

உங்களில் பலருக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்கும். வராதவர்களுக்கு இனிமேல் வரும். அப்பா அம்மா வயது அப்படி.

பணம் பெரிய விஷயமில்லை. தம்பி கடைசியாகச் சொன்னதுதான் உறங்கவிடவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும், பெரிய வியாதி என்றால் கால் தானாகத் திருவனந்தபுரத்துக்குத்தான் போகும். அதிலும் ஸ்ரீ சித்திரா என்றால் எங்கள் வீட்டில் கோயில் மாதிரி. பெரியப்பாவுக்கு 1998-ல் நெஞ்சில் வைத்த வால்வு அந்த ஊரில் பிறந்த வால்வு. அதை வைத்துக்கொண்டு பதினாறு வருஷம் தோட்டத்துக்கு நடந்துபோய் வந்தார்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவக் கருவிகளைச் சோதித்துப் பார்த்து "இது உடையும்", "இது தேறும்" என்று எழுதிக்கொடுக்கிற வேலை. அதனால் அந்த ஊர் இந்த மாதிரி விஷயங்களை எப்படிச் செய்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1973-ல் திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பல மாடிக் கட்டடத்தைக் கேரள அரசுக்குக் கொடுத்தது. அதுதான் சித்திரா. 1980-ல் பாராளுமன்றச் சட்டம் வந்து தேசிய முக்கியத்துவம் உள்ள நிறுவனம் ஆனது. ஆஸ்பத்திரி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பூஜப்புரையில் ஒரு காலத்தில் ரீஜன்ட் மகாராணி சேது லட்சுமிபாய் இருந்த சாட்டல்மண்ட் அரண்மனையில், மருத்துவக் கருவிகளுக்கான ஆராய்ச்சிப் பிரிவு. டாக்டர் வலியத்தான் தலைமையில் அங்கே செயற்கை இதய வால்வு செய்யத் தொடங்கினார்கள். வெளிநாட்டு வால்வின் விலை நம் ஆட்களுக்குக் கட்டாது என்பதுதான் காரணம்.

முதல் மூன்று மாடலும் தேறவில்லை. ஒன்றில் உலோகம் முறிந்தது. இன்னொன்றில் டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் செயற்கை நீலக்கல்லில் செய்த வட்டு, அதைப் பொருத்திய செம்மறி ஆட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. எல்லாவற்றையும் ஓரம் வைத்துவிட்டு, வட்டைக் கெட்டியான ஒருவகை பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அந்த நாலாவது மாடல்தான் 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் மனிதருக்குள் போனது. அப்புறம் டி.டி.கே. நிறுவனம் எடுத்துச் செய்து இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேல் வைத்தாகிவிட்டது. பெரியப்பாவுடையது அதில் ஒன்று. அவர் நடந்த பதினாறு வருஷத்துக்குப் பின்னால் அந்தச் செம்மறி ஆடும் இருக்கிறது. இது எனக்கு இத்தனை நாள் தெரியாது.

சரி, மஜ்ஜைக்கு வருகிறேன். ஆச்சரியம் என்னவென்றால், எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்லையும் சித்திராக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. வெள்ளாட்டின் தொடை எலும்பில் இரண்டு சென்டிமீட்டர் துண்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தாங்கள் உருவாக்கிய பீங்கான் மாதிரியான பொருளை வைத்துப் பார்த்தார்கள். சிலவற்றில் பொருள் மட்டும். சிலவற்றில் அதே ஆட்டின் மஜ்ஜையில் இருந்து எடுத்து, லேபில் வளர்த்து, எலும்பு செல்லாக மாறும்படி பழக்கிய செல்களையும் அதன்மேல் ஏற்றி வைத்தார்கள். 2009, 2010-ல் கட்டுரைகள் வந்தன. செல் ஏற்றியதில் எலும்பு நன்றாகக் கூடியது. ஆனால் கவனியுங்கள்: அது எலும்பு, குருத்தெலும்பு இல்லை. செல்லுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது. ஊசியில் ஏற்றிப் பீய்ச்சிவிடவில்லை. முக்கியமாக, அது ஆடு.

இந்த ஸ்டெம் செல் கதையின் ஆரம்பம் நான் இருக்கிற ஊரிலேயே இருக்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. இங்கே பிரின்சஸ் மார்கரெட் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில் டில், மெக்கல்லக் என்ற இருவர், கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு மஜ்ஜை செல்களை ஊசி போட்டார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால் எலியின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். எத்தனை செல் போட்டார்களோ அந்த அளவுக்கு முடிச்சு. 1961-ல் எழுதினார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லில் இருந்து வந்தது என்பது 1963-ல் உறுதியானது. ரத்தப் புற்றுநோய்க்கு மஜ்ஜை மாற்றுவது இன்று உலகம் முழுக்க நடக்கிறதே, வேலூர் சி.எம்.சி.யில் 1986-ல் தொடங்கினார்களே, அதற்கெல்லாம் அடிப்படை இதுதான்.

ஆனால் அது ரத்தம் உண்டாக்கும் செல். மூட்டுக்குச் சொல்லப்படுவது வேறு ஜாதி செல். மாஸ்கோவில் ஃபிரீடன்ஸ்டைன் என்பவர் 1960-70களில் மஜ்ஜையில் எலும்பு உண்டாக்கக்கூடிய செல்களைக் கண்டார். 1991-ல் அமெரிக்காவில் ஆர்னால்ட் கேப்லன் அதற்கு "மீசன்கைமல் ஸ்டெம் செல்" என்று பெயர் வைத்தார். பெயர் பிடித்துக்கொண்டது, கிளினிக்குகளும் பிடித்துக்கொண்டன. 2017-ல் அதே கேப்லன், இந்தப் பெயரை மாற்றுங்கள், இது ஆட்களைத் தவறாக நினைக்க வைக்கிறது என்று எழுதினார். இந்த செல்கள் போய்ப் புதுத் திசுவாக மாறுவதைவிட, மற்ற செல்களுக்குச் சமிக்ஞை அனுப்புவதுதான் அதிகம் என்பது அவர் கணக்கு. பெயர் வைத்தவரே வேண்டாம் என்றார், யார் கேட்டார்கள்?

குருத்தெலும்பு சங்கதி இன்னும் பழையது. அதற்குள் ரத்தக்குழாய் கிடையாது; அடிபட்டால் ஆற வழியில்லை. லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743-லேயே இது கெட்டுப்போனால் திரும்பாது என்று எழுதிவைத்தார். பிரிஸ்டலில் பிரிடி என்ற டாக்டர் 1959-ல், அடியில் உள்ள எலும்பில் துளை போட்டு மஜ்ஜையைக் கசியவிடும் முறையைச் சொன்னார். ஏதோ வளர்ந்தது, ஆனால் வளர்ந்தது தழும்பு மாதிரி நார்த்திசு. பழைய வழவழப்பு வரவில்லை. மஜ்ஜையை மூட்டுக்குள் விட்டால் ஏதாவது நடக்கும் என்ற எண்ணம் அவ்வளவு காலமாக இருக்கிறது. ஊசிதான் புதுசு.

சட்டமும் தூங்கவில்லை. செல்லை லேபில் பெருக்கி மூட்டில் போட்ட ஒரு அமெரிக்க நிறுவனத்தின் வழக்கில், அது மருந்துதான், மருந்துச் சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கனடாவும் 2019-ல் அதையே சொன்னது. இந்தியாவில் 2007-ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட வழிகாட்டுதலின் தலைப்பில் "ஆராய்ச்சி, சிகிச்சை" என்று இரண்டு சொல்லும் இருந்தன. 2013-ல் திருத்தியபோது "சிகிச்சை"யை எடுத்துவிட்டார்கள். ரத்த சம்பந்தமான மாற்று தவிர வேறெதுவும் இன்னும் சிகிச்சை ஆகவில்லை என்று அர்த்தம். ஒரு சொல்லை எடுத்ததில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்.

தம்பியும் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாரம், "2022-ல இந்தியாவிலேயே முட்டிக்கு ஸ்டெம் செல் மருந்துக்கு அனுமதி குடுத்திருக்காங்கண்ணே" என்று ஒரு செய்தியை அனுப்பினான். உண்மைதான். பெங்களூர் ஸ்டெம்பியூடிக்ஸ் உருவாக்கி, ஆல்கெம் விற்பது. ஆனால் அது நம் இடுப்பில் இருந்து எடுப்பது இல்லை. வேறு ஆட்கள் தானமாகக் கொடுத்த மஜ்ஜையில் இருந்து தொழிற்சாலையில் பெருக்கி, எண்ணி, உறையவைத்தது. கிளினிக் சொன்னதோ அன்றைக்கே எடுத்து அன்றைக்கே போடுவது. மஜ்ஜையில் அந்த வகை செல் பத்தாயிரத்தில் ஒன்றோ லட்சத்தில் ஒன்றோதான். மேலும், மருந்தைச் சோதித்தது இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானத்துக்கு. அம்மாவின் எக்ஸ்ரேயில் டாக்டர் எழுதியிருந்தது: நாலு. எலும்பும் எலும்பும் உரசுகிற நிலை.

2023-ல் அமெரிக்காவில் 400-க்கும் மேற்பட்ட முட்டிவலிக்காரர்களை வைத்து நடந்த சோதனை வெளியானது. சொந்த மஜ்ஜை, கொழுப்புச் செல், தொப்புள்கொடிச் செல், சாதாரண ஸ்டீராய்டு ஊசி. ஒரு வருஷம் கழித்து ஸ்டீராய்டைவிட எதுவும் மேலாக இல்லை.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "நீ அங்க இருந்துட்டு வேண்டாம் வேண்டாம்னு சொல்லிருவ. ராத்திரி அம்மா முனகுறதைக் கேக்குறது நான்" என்றான். அதற்கு என்னிடம் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் இல்லை.

ஜூனில் லீவு போட்டுப் போனேன். முட்டி மாற்று அறுவை, திருவனந்தபுரத்தில்தான், வலது கால் மட்டும். டிஸ்சார்ஜ் ஆகி வரும்போது டிரைவரிடம் சொல்லிப் பூஜப்புரை வழியாக வந்தோம். அம்மாவுக்கு ஆட்டுக் கதையைச் சொன்னேன். கார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "மகாராணி இருந்த வீட்டுலயா மக்களே ஆட்டைக் கெட்டிப் போட்டானுவ?" என்று கேட்டாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "அந்த ஆட்டுக்கும் வலிச்சிருக்கும்லா" என்றாள்.

இப்போது வாக்கரை விட்டுவிட்டாள். முற்றம் வரை தானாக நடக்கிறாள். இடது முட்டி அப்படியேதான் இருக்கிறது, மழைக்காலத்தில் முனகலும் இருக்கிறது. தம்பிக்கு இன்னும் அரை மனசு. அதை என்ன செய்வது என்று டிசம்பரில் போகும்போது மூன்று பேரும் உட்கார்ந்து பேசவேண்டும்.