மின்னல் அழைப்பின் விலை

தொலைபேசிக் கட்டண வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ரூபாய்க் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். இந்திய வணிகர் செலுத்திய விலையில் பெரும்பகுதி காத்திருப்பாகவே கழிந்தது.

வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்ய வேண்டும். சாதாரண அழைப்பைப் போல் அவசர அழைப்புக்கு இரண்டு மடங்கு, 'மின்னல்' அழைப்புக்கு எட்டு மடங்கு. அதே கம்பி, அதே இரைச்சல். எட்டு மடங்கு எதற்கு? வரிசையைத் தாண்டுவதற்கு. மதியத்துக்குள் பருத்தி விலை மாறிவிடும் என்றால் பெரிய மண்டிக்காரர் அதைக் கட்டினார். சிறு கடைக்காரர் அஞ்சலட்டை எழுதினார்.

இணைப்பு பெறுவதிலும் இதே நியாயம்தான். ஓ.ஒய்.டி. திட்டத்தில் ஆயிரக்கணக்கில் முன்பணம் கட்டியவர்க்குத் தனி வரிசை, அதுவும் நீளமானதே. 1991இல் நாடு முழுவதும் சுமார் 50 லட்சம் இணைப்புகள். காத்திருந்தோர் ஏறத்தாழ 20 லட்சம்.

1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கிய எஸ்.டி.டி., இடையிலிருந்த ஆபரேட்டரை நீக்கியது. தூரத்துக்கான விலையை நீக்கவில்லை. இரவின் கால்பங்குக் கட்டணத்துக்காகக் கடை சாத்திய பிறகு கணக்குப் பேசியவர்கள் உண்டு. 2006 மார்ச்சில்தான் பி.எஸ்.என்.எல்.லும் எம்.டி.என்.எல்.லும் நாடெங்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதற்குள் வணிகரின் சட்டைப்பைக்குக் கைபேசி வந்துவிட்டிருந்தது.